தொட்டி கட்டினால் வேலை முடிந்ததா?

(சிவில் பிரிவு, இறுதியாண்டு மாணவர் ஒருவர்)



கிராமத்தில் புதிதாக வீடு கட்டியவர் யாரையாவது நிறுத்தி, "செப்டிக் டேங்க் எவ்வளவு ஆழம் போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாடி எழுப்பிய பெருமையை மிஞ்சும் பெருமையோடு பதில் வரும்: "பதினஞ்சு அடி தம்பி. பதினஞ்சு உறை இறக்கியிருக்கோம். இன்னும் இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம்."

இந்த ஒரு பதிலில் மூன்று தவறுகள் உள்ளன. முதலாவது, அது செப்டிக் டேங்கே அல்ல. இரண்டாவது, அந்த ஆழம் தேவையே இல்லை. மூன்றாவது, கவலை தீரவில்லை. பக்கத்துக் கிணற்றுக்கும், பிற்பாடு அந்தக் குழியைச் சுத்தம் செய்ய வரும் மனிதனுக்கும் அது கைமாறியிருக்கிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கி, நூறு வீடுள்ள ஒரு சிற்றூரின் கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்யலாம் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இது சிவில்காரங்க சமாச்சாரம்" என்று மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எந்தப் பிரிவில் படித்தாலும், ஊரில் வீடு கட்டும்போது "நீ படிச்ச பிள்ளைதானே, சொல்லு" என்று கேட்கத்தான் போகிறார்கள்.

தண்ணீர் வந்தது, எங்கே போனது?

2014-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகக் கழிப்பறைகள் எழும்பின. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு நாட்டின் கிராமப்புறத்தில் குழாய் இணைப்பு இருந்த வீடுகள் 3.23 கோடி. இன்று அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவு.

நல்ல காரியம்தான். ஆனால் குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில் ஒவ்வொரு சொம்பும் கணக்குப் பார்த்துச் செலவானது. குழாய் வந்த பிறகு அந்தக் கணக்கு போய்விட்டது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது நமது பாடத்திலேயே உள்ள சூத்திரம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் வந்தால், 220 லிட்டர் வெளியே போகும். நூறு வீடு என்றால் நாளொன்றுக்கு 22,000 லிட்டர். குழாய் போட எஸ்டிமேட் எழுதியவர்கள் பலர். இந்த 22,000 லிட்டர் எங்கே போகிறது என்று எழுதியவர்கள் சிலரே. தெருச் சாக்கடை வழியாக அது ஊரணிக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேருகிறது.

கலக்காதே என்பதே முதல் விதி

கழிவுநீர் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. கழிப்பறையிலிருந்து வருவதைக் கறுப்பு நீர் என்றும், குளியல், துவையல், சமையல் நீரைச் சாம்பல் நீர் என்றும் பிரிக்கிறார்கள். நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி கறுப்பு நீரில்தான் இருக்கிறது. ஆனால் அளவில் அது சிறியது. கிராமத்துக் கழிப்பறைக்கென்று வடிவமைத்த ரூரல் பேனில் சரிவு அதிகம். வாட்டர் சீல் 20 மி.மீ. மட்டுமே. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஊற்றினாலே போதும், சுத்தமாகிவிடும். அதையே சிஸ்டர்ன் வைத்த நகரத்து பேனில் செய்தால் ஒரு தடவைக்கு 6 முதல் 10 லிட்டர் போய்விடும்.

இரண்டையும் ஒரே பைப்பில் விட்டால் என்ன ஆகும்? ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த கதைதான். கொஞ்சமாக இருந்த ஆபத்தான நீர், 220 லிட்டர் ஆபத்தான நீராகிவிடும். பிரித்து வைத்தால் பெரும்பகுதியை வாழைக்கும் தென்னைக்கும் அப்படியே விடலாம். கலந்துவிட்டால் மொத்தத்தையும் சுத்திகரிக்க வேண்டும்.

சுத்தம் செய்வது யார்?

எந்த இயந்திரமும் கழிவுநீரைச் சுத்தம் செய்வதில்லை. செய்வது பாக்டீரியா. நாம் கட்டும் தொட்டி எல்லாம் அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

பாக்டீரியாவில் இரண்டு கோஷ்டி. காற்றோடு வாழ்பவை ஒன்று, காற்றில்லாமல் வாழ்பவை மற்றொன்று. முதல் கோஷ்டி வேகமாகவும் முழுமையாகவும் வேலை செய்யும். ஆனால் ஆக்சிஜன் வேண்டும். இரண்டாவது மெதுவாக வேலை செய்யும். கரண்டு பில் கிடையாது, ஆனால் நாற்றமும் வாயுவும் உண்டு.

தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவுதான் நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பி.ஓ.டி. இங்கிலாந்தில் 20 டிகிரியில் 5 நாள் வைத்து அளந்தார்கள். வெப்பமான நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறோம். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். தண்ணீர் குறைவாகச் செலவழிக்கும் ஊரில் அது இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஆற்றிலோ குளத்திலோ விட வேண்டுமானால் 30-க்குள்ளும், நிலத்துக்குப் பாய்ச்ச வேண்டுமானால் 100-க்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பது நம் நாட்டுப் பொது விதிமுறை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செப்டிக் டேங்க் என்னும் பாதி வேலைக்காரன்

பிரான்சில் ழான் லூயி மூரா என்பவர் 1860-களை ஒட்டித் தம் வீட்டுக் கழிவுக்குக் கட்டிய மூடிய தொட்டிதான் இதற்கு முன்னோடி. 1881-ல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் 1895-ல் இதை மேம்படுத்தி, 'செப்டிக் டேங்க்' என்ற பெயரைக் கொடுத்தார்.

உண்மையான செப்டிக் டேங்க் நீர் கசியாத தொட்டி. அடியிலும் சுவரிலும் சிமென்ட் பூச்சு இருக்கும். உள்ளே வரும் கழிவு மூன்று அடுக்காகப் பிரியும். கனமானது கசடாக அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடை கட்டும். நடுவில் உள்ள கலங்கல் நீர் மறுமுனை வழியாக வெளியேறும். மேல் ஆடை வெளியே போகாமலிருக்கத்தான் இரு முனையிலும் 'டி' பைப் வைக்கிறோம்.

அளவு எவ்வளவு தெரியுமா? ஐந்து பேருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால், ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம். அவ்வளவுதான்! நீளமும் அகலமும் ஒரு படிக்கும் மேஜை அளவு. பதினைந்து அடி ஆழம் எங்கே, இந்த மூன்றரை அடி எங்கே!

சரி, இப்படி விதிப்படி கட்டிவிட்டால் வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது. செப்டிக் டேங்க் பி.ஓ.டி.-யில் 30 முதல் 50 சதவீதம்தான் குறைக்கும். 300 உள்ளே போனால் 150-க்கும் 210-க்கும் இடையே வெளியே வரும். பார்ப்பதற்குத் தெளிந்தாற்போல இருக்கும் அந்த நீரில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். அதனால் அது உறிஞ்சு குழிக்கோ, வேறொரு சுத்திகரிப்புக்கோ போயே ஆக வேண்டும். நம் ஊர்களில் எங்கே போகிறது? ஒரு பி.வி.சி. பைப் போட்டு, இருட்டோடு இருட்டாகத் தெருச் சாக்கடையில் விடுகிறார்கள்.

இனி அந்தப் பதினைந்து உறைக்கு வருவோம். அதில் பூச்சு இல்லை, அடித்தளம் இல்லை, வெளிவாய் இல்லை. அது கழிவை இறக்கும் ஒரு கிணறு. மண்ணின் மேல் சில அடிகளில்தான் காற்றும், காற்றோடு வாழும் பாக்டீரியாவும் நிறைய உண்டு. அந்த அடுக்கு வழியே மெல்ல இறங்கும் கழிவுநீர் பெருமளவு வடிகட்டப்படும். பதினைந்து அடிக்குக் கீழே விட்டால் அந்த இலவச வடிகட்டியைத் தாண்டி நேராக நிலத்தடி நீருக்கு அருகில் கொண்டுபோய் விடுகிறோம். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். கிருமிகள் ஒரு பக்கம் இருக்கட்டும், நைட்ரேட் என்ற உப்பை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். உடல் நீலம் பாயும்.

ஆழத்தை நிர்ணயித்தது யார்?

பதினைந்து அடி என்பதை எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. "சீக்கிரம் நிறைஞ்சுட்டா யார் அள்ளுறது?" என்ற பயமே அந்த ஆழத்தை நிர்ணயித்தது. நம் வீட்டுக் குழியை நாம் திறப்பது அசிங்கம், அதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த எண்ணம். அந்த ஆட்கள் எந்தத் தெருவிலிருந்து அழைக்கப்படுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. குழியின் ஆழத்தில் ஜாதி இருக்கிறது என்றால் மிகையாகாது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காற்றில்லாத பாக்டீரியா மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றை உண்டாக்கும். மீத்தேன் காற்றை விட லேசானது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும், வெடிக்கும். மற்ற இரண்டும் காற்றை விடக் கனமானவை. குழியின் அடியிலேயே தங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லையே, இறங்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். 1000 பி.பி.எம்.-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். கசடு அசையாமல் இருக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த வாயு, காலை வைத்துக் கலக்கியதும் ஒரேயடியாகக் கிளம்பும். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். மூக்கில் துணி கட்டுவதாலோ, இறங்குவதற்கு முன் மது கொடுப்பதாலோ இந்த வாயுவை ஒன்றும் செய்ய முடியாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறக்கியவர் ஊராட்சியாக இருந்தாலும் தனி ஆளாக இருந்தாலும் குற்றம் குற்றமே. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும், ஆள் வரமாட்டார்.

நம்மைப் போன்ற டிப்ளமோ படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆளே இறங்கத் தேவையில்லாதபடி கழிவுநீர் அமைப்பை வரைய முடியும். அது ஒன்றும் ராக்கெட் விடும் வித்தையல்ல.

இரட்டைக் குழி

கிராமத்துத் தனி வீட்டுக்கு ஏற்ற எளிய வழி இது. கழிப்பறைக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மீட்டர் விட்டம், 1 மீட்டர் பயன் ஆழம். சுவரைச் செங்கல்லால் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அடியில் பூசக் கூடாது. பேனிலிருந்து வரும் பைப்பை ஒரு ஜங்ஷன் பாக்ஸில் விட்டு, அங்கிருந்து இரண்டு குழிக்கும் கிளை. ஒன்றை அடைத்து, மற்றதை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

கணக்கு இதோ. நீர் மண்ணுக்குள் இறங்கிய பிறகு ஓர் ஆளின் கழிவு ஓராண்டுக்குச் சுமார் 45 லிட்டர் கசடாகத் தங்கும். ஐந்து பேருக்கு 225 லிட்டர். குழியின் கொள்ளளவு 785 லிட்டர். ஆக, ஒரு குழி நிறைய மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். நிறைந்ததும் ஜங்ஷன் பாக்ஸில் அடைப்பை மாற்றி, அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழி அப்படியே ஓய்வெடுக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால் உள்ளே மலம் இருக்காது. மண் வாசனை அடிக்கும் கறுப்பு எரு இருக்கும். நாக்குப்பூச்சி முட்டை உட்படக் கிருமிகள் செத்திருக்கும். மேலே நின்று மண்வெட்டியால் அள்ளி, தென்னைக்குப் போடலாம். யாரும் இறங்க வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. கிணற்றிலிருந்தும் கைபம்பிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். ஒட்டிக் கட்டினால் இந்தக் குழி நீர் அந்தக் குழிக்குள் கசியும். குளியல் நீரை இதில் விடவே கூடாது. இரண்டு குழியையும் ஒரே நேரத்தில் நிரப்பும்படி பைப் போட்டுவிட்டால் மொத்தத் திட்டமும் பாழ். கொத்தனாருக்கு இதை யாரும் விளக்காத இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும் ஆற்றங்கரை ஊர்களில் குழி தோண்ட முடியாதே என்று கேட்கலாம். திருச்சி மாவட்டம் முசிறி, காவிரிக் கரையில் உள்ள ஊர். அங்கே 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் தரைக்கு மேலேயே அறை கட்டி, மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளைக் கொண்டுவந்தது. மலத்தின் மேல் சாம்பல் போட்டு மூடி, மாதக் கணக்கில் வைத்து எருவாக்குவார்கள். சிறுநீர் பயிருக்கு உரமாகும். பொதுக் கழிப்பறைக்கு வந்தவர்களுக்கே காசு கொடுத்த ஊர் என்று 2008-ல் உலகச் செய்திகளில் முசிறி அடிபட்டது. அதன் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குளியல் தண்ணீருக்கு என்ன வழி?

கொல்லையில் இடம் இருந்தால் வாழை, தென்னை, கல்வாழை நட்டு அங்கே திருப்பிவிடலாம். சமையல் நீரை மட்டும் முதலில் ஒரு சிறு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி வழியாக விட வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் உறிஞ்சு குழி தோண்டி, அடியில் பெரிய கல், மேலே சிறிய ஜல்லி போட்டு நிரப்பலாம். செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் நன்றாக உறிஞ்சும். கரிசலில் உறிஞ்சாது. குழி தோண்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஓர் அடிக் குழி தோண்டி, இரவெல்லாம் நீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்கேலும் ஒரு மண்வெட்டியும்தான் செலவு. உங்கள் மண்ணின் குணம் தெரிந்துவிடும்.

நூறு வீட்டுக்கு ஒரு கணக்கு

சில தெருக்களில் கொல்லையும் கிடையாது, குழிக்கு இடமும் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே எல்லா நீரையும் சேர்த்து ஊர் எல்லையில் சுத்திகரித்தாக வேண்டும். "நகரத்தில் செய்வதை இங்கே சின்னதாகச் செய்தால் என்ன?" என்று தோன்றும். செய்யக் கூடாது, ஏனென்று பாருங்கள்.

நமது 22,000 லிட்டரை 86,400 விநாடியால் வகுங்கள். விநாடிக்குக் கால் லிட்டர்! பாதாளச் சாக்கடைக் குழாயில் மலம் படியாமல் ஓட விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். கால் லிட்டர் நீர் 150 மி.மீ. குழாயின் அடியில் ஈரக்கோடு போட்டதுபோல் ஊர்ந்து போகும். குழாய் அடைக்கும், அடைத்தால் மேன்ஹோலில் ஆள் இறங்க வேண்டும். எந்த வேலையைத் தவிர்க்க நினைத்தோமோ, அதையே விலைக்கு வாங்கினது மாதிரி ஆகிவிடும்.

மாற்று வழி உண்டு. இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரு சிறு செப்டிக் டேங்க் கட்டி, கனமானதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதிலிருந்து வரும் கலங்கல் நீரை மட்டும் 110 மி.மீ. பைப்பில் எடுத்துப் போகலாம். அடைக்க உள்ளே திடப்பொருள் இருக்காது. மேன்ஹோலே வேண்டாம், பைப்பைக் கழுவிவிட ஆங்காங்கே மூடி வைத்தால் போதும்.

ஊர் எல்லையில் என்ன கட்டுவது? காற்று ஊதும் இயந்திரம் வைத்த ஆலை கட்டினால் இடம் குறையும். ஆனால் ராத்திரி பகலாக மோட்டார் ஓட வேண்டும். கரண்டு போனாலோ, மோட்டார் சுருள் எரிந்தாலோ பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகும். ஊராட்சிக்கு மாதாமாதம் மின் கட்டணம், ஓர் ஆபரேட்டர் சம்பளம். திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் பூட்டுத் தொங்குவதற்கு இதுவே காரணம். மின்சாரம் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி வேலை செய்யும் முறையைப் பார்ப்போம்.

*முதல் கட்டம், தடுப்புச் சுவர்த் தொட்டி.* ஒரே தொட்டியை ஐந்து அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் நீர் அடியில் நுழைந்து மேலே ஏறும்படி செய்வது. ஏறும் வழியில், அடியில் தங்கியுள்ள பாக்டீரியாப் படுகையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அழுக்கு தின்னப்படும். ஏறும் வேகம் மணிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படுகையே அடித்துப் போய்விடும். ஒரு நாள் நீர் முழுவதும் 8 மணி நேரத்தில் வருவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 2.75 கன மீட்டர். ஆகவே ஒவ்வோர் அறைக்கும் 2.75 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 2.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம். நீர் ஆழம் 1.8 மீட்டர் என்றால் ஐந்து அறையும் சேர்த்து 24.75 கன மீட்டர். நீர் உள்ளே தங்கும் நேரம் 27 மணி. போதுமானது.

*இரண்டாம் கட்டம், செடி நட்ட ஜல்லிப் படுகை.* 60 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, மேலே கல்வாழை, நாணல், சம்பு நடுவது. நீர் ஜல்லிக்குள்ளேயே ஓடும். வெளியே தெரியாது, கொசுவும் வராது. செடியின் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் இறங்கும். ஜல்லி மேல் ஒட்டி வளரும் பாக்டீரியா மிச்ச அழுக்கைத் தின்னும். மூன்று நாள் தங்க வேண்டுமானால் 66 கன மீட்டர் வெற்றிடம் தேவை. ஜல்லியில் வெற்றிடம் 35 சதவீதம் என்று கொண்டால் மொத்தப் படுகை 189 கன மீட்டர். ஆழம் 0.6 என்பதால் பரப்பு 315 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 8 சென்ட் நிலம்.

எட்டு சென்ட்! எந்த ஊராட்சியிலும் தேடினால் கிடைக்கக்கூடிய இடம். முறையாகக் கட்டி, முறையாகப் பராமரித்தால் வெளியே வரும் நீர் 100 என்ற பாசன வரம்புக்கு நன்றாகவே கீழே இருக்கும், 30-ஐயும் நெருங்கும். தென்னை, வாழை, தீவனப் புல்லுக்குப் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெள்ளரிக்கும் வேண்டாம். கிருமி முழுவதும் போய்விடுவதில்லை. புதுச்சேரி அருகே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்திலும், ஆரோவில்லின் பல குடியிருப்புகளிலும் இந்த வகை அமைப்புகள் உள்ளன. வாய்ப்புள்ளவர்கள் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு இதையும் கேட்டுப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் கசடு

எந்தத் தொட்டியானாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுத்தாக வேண்டும். அதை உறிஞ்சு லாரியின் குழாய் செய்யட்டும். அதற்காகத் தொட்டியின் மூடி லாரிக் குழாய் எட்டும் தூரத்தில், டைல்ஸுக்கு அடியில் புதைக்கப்படாமல் இருக்க வேண்டும். ஆனால் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். இருட்டிய பிறகு ஓடைக்கரையில் கொட்டினால் ஊரார் கழிவு பக்கத்து ஊருக்குப் போனதுதான் மிச்சம்.

இதற்கென்று கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015-ல் வந்தது நாட்டுக்கே முன்னோடி. நம் மாநிலத்தில் 2017-ல் கருங்குழி பேரூராட்சியில் அமைந்தது. மதுராந்தகத்துக் கசடும் அங்கே வருகிறது. அருகில் உள்ள கிராமங்களும் இவற்றைப் பங்குபோட்டுப் பயன்படுத்த முடிந்தால், ஒவ்வோர் ஊரும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

நாளை நம்மில் சிலர் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர் ஆவோம். சிலர் காண்ட்ராக்டரிடம் சைட் பார்ப்போம். சிலர் சொந்த வீடு மட்டுமே கட்டுவோம். பிளானில் ஓர் ஓரமாக 'எஸ்.டி.' என்று ஒரு செவ்வகம் போடுவது நமக்குப் பழகிவிட்டது. அந்தச் செவ்வகம் போடும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. குளியல் நீரும் கழிப்பறை நீரும் தனித்தனிக் குழாயில் போகின்றனவா?

2. தொட்டியிலிருந்து வெளியே வரும் நீர் எங்கே போகிறது?

3. கிணறு எத்தனை மீட்டர் தூரத்தில்? மழைக்காலத்தில் நீர்மட்டம் எத்தனை அடியில்?

4. மூடியைத் திறந்து லாரிக் குழாய் விட வழி இருக்கிறதா?

5. இன்னும் மூன்று ஆண்டு கழித்து இதை எடுக்கப் போவது யார், எப்படி?

முதல் நான்கும் டேப்பும் லெவலும் வைத்துப் பதில் கண்டுபிடிக்கக்கூடியவை. ஐந்தாவதற்கு அளவுகோல் கிடையாது. ஆனால் "எவனாவது வந்து இறங்குவான்" என்பது பதிலாக வந்தால், அந்த பிளானைக் கிழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். ஒரு டிராயிங் ஷீட்டின் விலை மிகவும் குறைவு.